நான் அடைத்த காற்றுத்துளைகள்

எட்டாண்டுகளாய் நான் தொகுத்த மீனவர் சொல்லகராதி முழுவதும் என் கணிப்பொறியில் இருந்தது; வேறு படி கிடையாது. ஒரு நண்பகல் அது தானே அணைந்தது. மீண்டும் இயக்கினால் உடனே அணைந்தது. அதைப் பொருத்தித் தந்த செல்வியை மூலக்குளத்திலிருந்து வரவழைத்தேன்.

"உள்ளமைப்பே பிழையம்மா!" என்று கடிந்தேன்.

அவள் பக்கத் தகட்டைக் கழற்றினாள். கம்பிகள் யாவும் ஓரமாய்க் கட்டப்பட்டு, நடுவே காற்றுக்கு வழி விடப்பட்டிருந்தது.

"நான் வழி வுட்டுத்தான் இருக்கேன். முன்னாடி ஓட்டையில காகிதம் ஒட்டுனது யாருங்கய்யா?"

"கடற்காற்றின் உப்பு உள்ளே புகாதிருக்க... நான்தான்."

"மூக்கப் பொத்திட்டு மூச்சு வுடச் சொன்னா எப்படிங்கய்யா?"

காகிதத்தைக் கிழித்தாள். சூடு தணியக் காத்திருந்தோம். பிறகு அவள் இயக்கினாள். திரை ஒளிர்ந்தது. அகராதி அப்படியே இருந்தது.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "காப்பி சாப்பிடுகிறாயா, அம்மா?" என்றுதான் வந்தது. அந்த நாணம் இன்னும் தணியவில்லை.