தொண்ணூற்று மூன்றாம் வருடத்துப் பெட்ரோல்

எங்கள் கார் எண்பத்தேழு மாடல். கோவைப் பக்கத்தில் ஒருவர் கார் வாங்கிவிட்டார் என்றால் அதன் நிறத்தையோ பெயரையோ யாரும் விசாரிக்க மாட்டார்கள். "எத்தன மாடலுங்க?" என்பதுதான் முதல் கேள்வி. வண்டியின் விலை, வாங்கியவரின் மரியாதை, அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்கலாமா என்பது உட்பட எல்லாமே அந்த இரண்டு இலக்கத்துக்குள் அடங்கிவிடும். தொண்ணூறுகளின் நடுவில் அப்பா அதை மூன்றாவது கையாக வாங்கினார். அதற்கு முன் ஓட்டிய இருவரும் தங்கமான மனிதர்கள் என்று தரகர் சொன்னார். வண்டியைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை.

நாங்கள் வழக்கமாகப் போகும் பெட்ரோல் பங்கில் இரண்டு பம்புகள் இருந்தன. ஒன்றின் நெற்றியில் 87 என்றும் இன்னொன்றில் 93 என்றும் எழுதியிருக்கும். அப்பா எப்போதும் 87 அருகில்தான் வண்டியை நிறுத்துவார். அவர் வேலை பார்த்த நூல் மில்லின் முதலாளியிடம் தொண்ணூற்று மூன்று மாடல் கார் இருந்தது. அதன் டிரைவர் எப்போதும் 93 அருகில் நிறுத்துவார். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? அந்தந்த வருடத்து வண்டிக்கு அந்தந்த வருடத்துப் பெட்ரோல். எனக்கு அப்போது எட்டு வயது. இந்த உண்மையை நானே கண்டுபிடித்திருந்ததால் யாரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளும் அவசியம் ஏற்படவில்லை. எண்பத்தெட்டு மாடல் வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒருமுறை சந்தேகம் வந்தது. பாவம், வேறு ஊருக்குப் போய் ஊற்றிக்கொள்வார்கள் என்று தீர்த்துக்கொண்டேன்.

வண்டிக்கு ஒரு வியாதி இருந்தது. சமதரையில் சாதுவாக ஓடும். மேடு ஏறினால் மட்டும், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல எஞ்சினுக்குள் கடகடவென்று ஒரு சத்தம் வரும். வாங்கிய புதிதில் மருதமலைக்குப் போனபோது இரண்டாவது வளைவிலேயே அது ஆரம்பித்துவிட்டது. அப்பா வண்டியை அப்படியே பின்னால் இறக்கி, அடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, எங்களைப் படிவழியாகக் கூட்டிப்போனார். சாமி கும்பிட்டு இறங்குவதற்குள் தீர்ப்பு தயாராகிவிட்டது.

"இது மலைக்கு ஆகாத வண்டி."

அம்மாவின் அக்கா மலைமேல் வால்பாறையில் இருந்தார். பெரியப்பாவுக்கு அங்கே எஸ்டேட் ஆபீசில் வேலை. அந்த மழைக்காலத்தில் பெரியம்மா குவார்ட்டர்ஸ் படியில் வழுக்கி விழுந்து, கால் எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். சேதி வந்த அன்றே அம்மா பையை எடுத்து வைத்துவிட்டார்.

"பஸ்ஸுல போயி ஒரு எட்டுப் பாத்துப்போட்டு வந்தர்றேனுங்க."

"கார் வாங்கிப்போட்டுப் பொண்டாட்டிய பஸ்ஸுல அனுப்பறான்னு உங்கக்கா ஊட்டுக்காரரு எஸ்டேட்டு பூராவும் சொல்லுவாரு."

"அப்பக் கார்லயே போலாமுங்க."

"அந்தச் சத்தத்தக் கேட்டயல்ல. சத்தம் நிக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கெழமையே போலாம்."

கார் இல்லாத காலத்தில் அம்மா நினைத்தபோது வால்பாறைக்குப் போய்வந்தார். கார் வந்த பிறகு போக முடியாமல் ஆகிவிட்டது. இதிலுள்ள வேடிக்கை அம்மாவுக்கும் தெரிந்திருக்கும், ஆனால் அவர் சிரிக்கவில்லை. பெரியம்மாவுக்கென்று எள்ளுருண்டை பிடித்து டப்பாவில் வைப்பார். ஞாயிறு வந்து போய்விடும். வீணாகிவிடக் கூடாதே என்று நான் தின்பேன். மறுபடி பிடிப்பார். பெரியம்மாவின் கால் கூடியதோ இல்லையோ, அந்த மழைக்காலத்தில் எனக்கு உடம்பு நன்றாகக் கூடியது.

இந்த நிலையில்தான் அம்மாவின் தம்பி உள்ளே புகுந்தார். மாமா பீளமேட்டில் பம்புசெட் மோட்டார் செய்யும் பட்டறை ஒன்றில் இருந்தார். எந்தச் சத்தத்தையும் தன்னால் நிறுத்திவிட முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு. அம்மாவின் முகத்தைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வண்டியில் பெட்ரோல் அடியில் கிடந்ததால், தானே போய் நிரப்பி வருவதாகச் சாவியை வாங்கிக்கொண்டு என்னையும் ஏற்றிக்கொண்டார். பங்கில் நேராக 93 அருகே போய் நின்றார்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "மாமா, நம்முளுது எண்பத்தேழுங்க."

"தெரியுங் கண்ணு. இன்னிக்கு ஒரு நாளைக்கு நல்லதாக் குடிக்கட்டும் உடு."

"வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

"ஒண்ணும் ஆகாது. எல்லாம் அடங்கீரும். உங்கப்பங்கிட்ட மட்டும் மூச்சு உடாத. தெரிஞ்சா எண்பத்தேழே போதும்னு வம்பு வளப்பாரு, உங்கம்மா உருண்டை புடிச்சே கெழவியாயிருவா."

அந்த 'எல்லாம் அடங்கீரும்' என்ற சொல்தான் என்னைக் கொன்றது. எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு பெரியவருக்கு அதற்கு முந்தைய வாரம்தான் எல்லாம் அடங்கியிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருவர் விடாமல் அதே சொல்லைத்தான் சொன்னார்கள்.

எண்பத்தேழுக்கும் தொண்ணூற்று மூன்றுக்கும் ஆறு வித்தியாசம். நான் மூன்றாம் வகுப்பு. எனக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்தால் என்ன ஆவேன்? வண்டியும் அதேதான் ஆகும். இந்தக் கணக்கை அன்று படுக்கையில் எப்படிப் போட்டாலும் அதே விடைதான் வந்தது.

பங்கிலிருந்து திரும்பியதுமே மாமா, சத்தத்தைச் சரி செய்துவிட்டதாக அறிவித்திருந்தார். எப்படி என்று சொல்லவில்லை. அப்பா நம்பாமல், ரயில் பாலத்து மேட்டில் வண்டியை ஏற்றி இறக்கினார். திரும்பி ஏற்றினார். சத்தம் இல்லை. சந்தோஷப்படுவார் என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி எதுவும் அங்கே இல்லை.

"நின்னு போச்சுங்களா?" என்றார் அம்மா.

"ம்."

ஞாயிறு காலையில் கிளம்பினோம். முன்னால் அப்பாவும் அம்மாவும், பின்னால் மாமாவும் நானும், எங்களுக்கு நடுவில் ஒயர் கூடையில் இன்னும் தின்னப்படாத எள்ளுருண்டை. பொள்ளாச்சி வரை அப்பா பேசிக்கொண்டே வந்தார். ஆழியாறு தாண்டி மலை தொடங்கியதும் பேச்சு நின்றது. கொண்டை ஊசி வளைவுகளுக்கு அங்கே வரிசை எண் போட்டுப் பலகை நட்டிருப்பார்கள். முதல் வளைவில் எஞ்சின் சத்தம் போடவில்லை. இரண்டாவதிலும் இல்லை. வழக்கமாகக் கத்துகிறவன் பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்பது என் பள்ளிக்கூட அனுபவம். அடங்கிக்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் அப்பா ஹாரனை விடாமல் அடித்தார். வண்டி நடந்து போகிறவர் வேகத்தில் போனது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மலைக்காற்று குளிர்ந்துதான் அடித்தது. அவருக்கும் பெட்ரோல் விஷயம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த வளைவில், மேலேயிருந்து ஒரு பஸ் எங்கள் மேல் கவிழ்வதுபோல இறங்கி வந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி, எஞ்சின் அணைந்தது. என் பொறுமை அங்கேயே முடிந்தது.

"எல்லாரும் எறங்கீருங்க. வண்டி வெடிக்கப்போகுது. மாமா தொண்ணூத்தி மூணாம் வருசத்துப் பெட்ரோலப் போட்டுட்டாருங்க."

சொல்லிவிட்டு நானே முதலில் இறங்கி ஓடினேன். குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன் குடும்பத்துக்கு முன்னால் ஓடக் கூடாது என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை. பஸ் எப்படியோ ஒதுங்கி இறங்கிப் போனது. மூவரும் இறங்கி வந்தார்கள். விஷயம் விளங்கியதும் மாமா ரோட்டோரக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தார்.

"வருசத்துப் பெட்ரோலா? ஏஞ்சாமி, பெட்ரோல் என்ன ஊறுகாயா, வருசம் போட்டு வெக்கறதுக்கு?"

அப்பா சிரிக்கவில்லை. மாமாவைத் திட்டவும் இல்லை. என் தலையில் கை வைத்தார்.

"பையன் நெம்பப் பயந்துக்கறான். பாவம். இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம், திரும்பீரலாம்."

அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். இதற்குள் கீழேயிருந்து ஏறி வந்த ஒரு பஸ், நாங்கள் வழியை அடைத்து நின்றதால், எங்கள் வண்டிக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா கூடையை எடுத்துக்கொண்டு நேராக அதன் படிக்கட்டுக்கு நடந்தார்.

"ஏனுங்க, வால்பாறைக்கு ஒரு எடம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க அம்மணி. மொதல்ல அந்தக் காரை ஓரங்கட்டச் சொல்லுங்க" என்றார் கண்டக்டர்.

அப்பா வண்டியருகே போனார், ஏறவில்லை. "மச்சா, சாவியக் குடுங்க" என்றார் மாமா, இந்த முறை சிரிக்காமல். தான் கூட இருக்கும்போது வேறு யாரையும் அப்பா அந்த வண்டியை ஓட்டவிட்டதே இல்லை. அன்று மாமா கேட்டு முடிப்பதற்குள் கொடுத்துவிட்டார். வண்டி ஒதுங்கியதும் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலோரம் அம்மா தெரிந்தார், எங்கள் பக்கம் திரும்பவில்லை. பஸ்ஸின் பின்னாலேயே எங்கள் எண்பத்தேழு மாடலும் சத்தமில்லாமல் ஏறியது.

அப்பா பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வளைவு வரும்போதெல்லாம் பிடி இறுகும். "பயப்படாத சாமி" என்பார்.

பிற்பாடு நானும் கார் வாங்கி, பங்கில் எதை ஊற்றுவது என்று நாலு பேரிடம் விசாரித்தபோதுதான் அந்த எண் வருடம் இல்லை என்று தெரிந்தது. எஞ்சினுக்குள் எவ்வளவு அழுத்தினாலும் நேரத்துக்கு முன்னால் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் பெட்ரோலுக்கு எண் அதிகம், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டில் அம்மா உயர்ந்த ரகம். எனக்குப் பம்பே வைக்க மாட்டார்கள். எங்கள் பழைய வண்டிக்கு 87 தாராளமாகப் போதுமாம். பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி விழும் நேரம் சற்று முந்தியிருந்ததால்தான் அந்தச் சத்தம், ஒர்க் ஷாப்பில் ஒரு திருகு திருகினால் நின்றிருக்கும் என்றார்கள். அப்பாவிடம் சொன்னேன்.

"தெரியும். மெக்கானிக்கு அப்பவே சொன்னான். நாந்தான் கெடக்கட்டும்னு உட்டுப்போட்டேன்" என்றார் அப்பா. டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்று அவர் என் கையை விட்டது பெரியம்மா வீட்டு வாசலில்தான். என் உள்ளங்கை நனைந்து கிடந்தது. பயத்தில் எனக்கு இப்படியா வியர்க்கும் என்று வெட்கமாகப் போய், யாரும் பார்ப்பதற்குள் டவுசரில் துடைத்துக்கொண்டேன். இன்னொரு கை காய்ந்திருந்தது. அது ஏன் என்று யோசிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.