மேலிருந்து பார்த்ததைக் கீழே வரைவது

பாடம் நடத்துகிறவர்களுக்குப் பாடம் நடத்த வருகிறவர்களை நான் மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருடங்களில் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், மெக்கானிக்கல் துறையில் வேலை பார்த்தேன். அப்போது எங்களுக்குப் பயிற்சிப் பட்டறை என்பது ஜலதோஷம் மாதிரி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. கல்லூரியின் தரத்தை மதிப்பிட ஒரு குழு வரும். குழுவுக்குக் கோப்பு காட்ட வேண்டும். கோப்பில் எங்கள் பெயரில் சான்றிதழ்கள் இருக்க வேண்டும். சான்றிதழுக்காக ஐந்து நாள் உட்கார்ந்தே தீர வேண்டும்.

அந்த முறை தலைப்பு, மெதுவாகக் கற்கும் மாணவரைத் தேர்ச்சி பெற வைப்பது எப்படி. பட்டறை திங்கள் முதல் வெள்ளி வரை. சனிக்கிழமை அரியர் பரீட்சை. மெதுவாகக் கற்கும் மாணவர்கள் பரீட்சைக்கு முந்தின வாரம் வாத்தியார் இல்லாமல் கீழே வராந்தாவில் நடக்க, வாத்தியார்கள் மேலே ஏசி அறையில் அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தாரோ தெரியாது.

எனக்கு ஆத்திரம் வரக் காரணம் இருந்தது. கடலோர ஊரிலிருந்து வருகிற ஒரு பிள்ளை, அப்பாவுக்கு வள்ளத்தில் மீன்பிடி, சிவில் இறுதியாண்டு. மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸ். முதல் வருடத்து இன்ஜினியரிங் கிராபிக்ஸ், அதாவது வரைபடத் தாள், அது மட்டும் மூன்று முறை போய்விட்டது. வளாகத் தேர்வில் பெங்களூர் கம்பெனி ஒன்று அவளை எடுத்திருந்தது. சேரும்போது அரியர் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. இந்தச் சனிக்கிழமை போனால் வேலையும் போச்சு. முதல் வருடத்தில் அவளுக்கு அந்தத் தாளை நடத்தியவன் நான்தான். அதனால் ஐந்து நாளும் பிற்பகலில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

துறைத் தலைவரிடம் போய் என்னை விட்டுவிடச் சொன்னேன். பட்டறைக்கு நாற்பது பேர் கணக்குக் காட்ட வேண்டும். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீரு போவலேன்னா எண்ணம் தெகையாது வே. பேசாம போய் இரியும்."

பட்டறை ஒன்பதரைக்குத் தொடங்கி நாலரைக்கு முடியும். அவள் ஏற வேண்டிய கல்லூரிப் பேருந்து நாலேகாலுக்குக் கிளம்பிவிடும். ஆக, மிச்சம் மதிய இடைவேளை ஒரு மணி நேரம். அதையாவது பயன்படுத்துவோம் என்று முடிவு செய்தோம். நடுவில் நழுவவும் வழியில்லை. காலையில் ஒரு கையெழுத்து, மதியம் இரண்டு மணிக்கு ஒன்று, டீக்குப் பிறகு ஒன்று. ஒன்று விட்டாலும் சான்றிதழ் கிடையாது. எங்கள் மாணவர்களை நாங்கள் எப்படி நம்பவில்லையோ அப்படியே எங்களையும் யாரோ நம்பவில்லை.

முதல் நாள் ஆளுக்கொரு பையும் எழுதாத பேனாவும் கொடுத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த பயிற்றுநர் கோட்டு போட்டிருந்தார், நாஞ்சில் நாட்டு மார்ச் மாதத்தில். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, காகிதப் பந்து ஒன்றை எறிந்து பிடிக்க வைத்தார். பந்து யார் கையில் விழுகிறதோ அவர் தனக்குப் பிடித்த விலங்கைச் சொல்ல வேண்டும். வெப்ப இயக்கவியலில் முனைவர் பட்டம் வாங்கிய எங்கள் மூத்த பேராசிரியர், ரிட்டையராக இரண்டு வருடம் இருக்கிற மனுஷன், "மயில்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

ஒரு மணி அடித்ததும் மீன் குழம்புக்கு வரிசை நிற்காமல் கீழே வரைபடக் கூடத்துக்கு ஓடினேன். அவள் பலகையில் தாளை ஒட்டி, பென்சில் சீவி வைத்துத் தயாராக இருந்தாள். கூம்பு ஒன்றைச் சாய்வாக வெட்டினால் வெட்டு முகம் எப்படியிருக்கும் என்று வரைந்து காட்டினேன். முன்புறத் தோற்றம் மேலே, மேற்புறத் தோற்றம் கீழே, இங்கேயிருந்து கோடு இறக்கு, அங்கே வெட்டு. இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கையைத் திருப்பி வாட்சைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"மனசிலாச்சா?"

"மனசிலாச்சு சார்."

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. ஆனால் அவளாகப் போட்டுக் காட்டிய படத்தில் கோடுகள் போகாத இடத்துக்குப் போயிருந்தன. மனசிலாச்சு என்று சொல்லிவிட்டு இப்படிப் போட்டு வைத்திருக்கிறாளே என்று எரிச்சல் மண்டியது. தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு மறுபடி சொன்னேன். மறுபடி கேட்டேன். மறுபடி மனசிலாச்சு.

புதன்கிழமை பிற்பகல், பயிற்றுநர் கேள்விகளின் வகைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். திரையில் ஏதோ முக்கோணம் ஓடியது. நான் அந்தப் பிள்ளையின் கூம்பை நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே டீ வந்துவிட்டது, வாழைப்பழம் பொரித்த பழம்பொரி வாசம் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது.

"கிளியரா?" என்றார்.

"யெஸ் சார்" என்று நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னோம். நானும் சத்தமாகவே சொன்னேன்.

அவருக்கு என்ன தோன்றியதோ, என்னைப் பார்த்து விரல் நீட்டினார். "சார், நீங்க முன்னால வந்து சுருக்கமாச் சொல்லுங்க பாப்போம்."

போய் நின்றேன். முக்கோணத்தைப் பார்த்தேன், முக்கோணம் என்னைப் பார்த்தது. "அப்புறம் ஏன் சார் யெஸ்னு சொன்னீங்க?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், மயில் சொன்ன பேராசிரியர் உட்பட.

எதற்குச் சொன்னேன்? விட்டால் போதும் என்றுதான். கேட்டவருக்கும் அந்தப் பதில்தான் வேண்டும் என்று தெரியும், அதனால் கொடுத்தேன். இடத்தில் வந்து உட்கார்ந்தபோது, மதியம் நான் வாட்சைப் பார்க்கத் திருப்பிய கையும் அதையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையின் கண்ணும் ஞாபகம் வந்தது. எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

வியாழக்கிழமை மதியம் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டேன். எதுவும் வரையாமல், "எந்த இடத்துல விளங்காமப் போவுது? அத மட்டும் சொல்லு" என்றேன். அவள் பயந்துவிட்டாள். பென்சிலைச் சீவினாள், சீவிய பென்சிலையே மறுபடி சீவினாள். மேலே மணி அடித்தது, கையெழுத்துப் போட ஓடினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஓடவில்லை. இரண்டு மணி அடித்தது, உட்கார்ந்திருந்தேன். இரண்டேகால் ஆனதும் அவளே கேட்டாள்.

"சார், உங்களுக்கு மேல போவண்டாமா?"

"வேண்டாம். பஸ்சு போறது வரை இங்கினதான் இருப்பேன்."

பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு குரலை இறக்கிக் கேட்டாள். "கோவப்படாதீங்க சார். மேல நின்னு பாத்தத எதுக்கு சார் கீழ வரையோம்? அப்போ நான் எங்க நிக்கேன்?"

கோபம்தான் வந்தது. நாலு வருடம்! இது முதல் வகுப்பில், முதல் பத்து நிமிடத்தில் சொல்லுகிற விஷயம். அதற்குப் பிறகு வந்த கூம்பு, உருளை, வெட்டு, விரிப்பு எல்லாம் இதன் மேல் கட்டியது. அஸ்திவாரம் இல்லாத வீட்டுக்கு மாடி மேல் மாடியாக நான் எழுப்பிக்கொண்டே போயிருக்கிறேன், அவளும் ஒவ்வொரு மாடிக்கும் மனசிலாச்சு என்று சொல்லியிருக்கிறாள். கோபம் அவள் மேல் நிற்கவில்லை. முதல் வருடம் அறுபது பேர் இருந்த வகுப்பில் "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே கரும்பலகையை அழித்தவன் நான்.

அழிப்பானை மேசையில் வைத்தேன். நாம் ஒரு பக்கம் நிற்கிறோம், பொருள் நடுவில் இருக்கிறது, படம் அந்தப் பக்கம் போய் விழுகிறது என்றேன். அவள் அழிப்பானை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"நட்ட உச்சி வெயிலுக்கு எங்க அப்பாக்க வள்ளத்துக்க நெழலு மணல்ல விழுமே, அதுவா சார்? மேலயிருந்து பாத்தா படம் அடியிலதானே கெடக்கும்?"

"அதேதான்."

"பின்ன அந்த மணலக் கீழ மடக்கி விட்டா தாளு."

இதைவிட நன்றாக நான் ஒருபோதும் சொன்னதில்லை. அதன் பிறகு நான் பேச வேண்டிய வேலையே இருக்கவில்லை. நாலு மணிக்குள் மூன்று படம் போட்டாள். மூன்றாவது படத்தில் வெட்டு முகம் நீள்வட்டமாக, அழகாக வந்து உட்கார்ந்தது. பேருந்து ஹார்ன் அடித்ததும் டி-ஸ்கொயர் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

தாள்களை அடுக்கி வைத்துவிட்டு நான் மேலே போனபோது நிறைவு விழா நடந்து முடிந்திருந்தது. இரண்டு கையெழுத்து விட்டதால் எனக்குச் சான்றிதழ் இல்லை. திங்கட்கிழமை விளக்கம் கேட்டு ஓலை வந்தது. சொந்தக் காரணம் என்று எழுதிக் கொடுத்தேன். ரிசல்ட் வந்த அன்று அவள் துறை வாசலில் வந்து நின்றாள். பாஸ். ஐம்பத்திரண்டு. ஜூலையில் பெங்களூர் போனாள்.

என் கோப்பில் அந்த இடம் காலியாகவே இருந்தது. அதனால் அடுத்த வருடம் என்னைத்தான் முதல் ஆளாகப் பட்டறைக்கு அனுப்பினார்கள். அதே தலைப்பு, அதே பயிற்றுநர், அதே கோட்டு, அதே காகிதப் பந்து. புதன்கிழமை பிற்பகல் அதே முக்கோணம் வந்தது. இந்த முறை நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். உண்மையிலேயே புரியவில்லை.

"கிளியரா?"

"யெஸ் சார்" என்றது அறை.

நான் கையைத் தூக்கினேன். "இல்ல சார். ரெண்டாவது வகைக்கும் மூணாவது வகைக்கும் என்ன வித்தியாசம்னு எனக்குப் புரியல."

நாற்பது தலை என் பக்கம் திரும்பியது. பக்கத்தில் இருந்தவர் என் முழங்கையை இடித்து, "சும்மா இரியும் வே, டீ ஆறிப்போவும்" என்றார்.

பயிற்றுநர் என்னைப் பார்த்தார். பிறகு கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார்.