தேர்தலுக்கு வைத்த இரண்டு ஏக்கர்

என் வீட்டுக்காரர் எங்கள் வயலைப் பந்தயம் வைத்தபோது நான் தேத்தண்ணித் தட்டைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால்தான் நின்றேன். ஜனாதிபதித் தேர்தலுக்குப் பத்து நாள் இருந்தது. தட்டில் இருந்த கிளாசுகளில் இருந்து ஒரு துளிகூடச் சிந்தவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

தேற்றாத்தீவில் எங்கள் வீட்டு வளவில் மாமரம் ஒன்று நிற்கிறது. தேர்தல் அறிவித்த நாளிலிருந்து பின்னேரங்களில் அதன் கீழே நாலைந்து ஆம்பிளைகள் கூடிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் பேப்பரை உரத்து வாசிப்பார். மற்றவர்கள் அவரை மறித்து மறித்துப் பேசுவார்கள். போட்டியிட்டவர்கள் நிறையப் பேர் என்றாலும் எங்கள் மாமரத்தடியில் இருவர்தான் இருந்தார்கள்: பழையவர், புதியவர். பெயர் சொல்லிச் சத்தம் போட்டால் ரோட்டால் போகிறவர்கள் நின்று கேட்பார்கள் என்று அப்படிச் சொல்லிப் பழகியிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் பழையவர் பக்கம். புதியவர் பக்கம் நின்றவர் உழவு மெசின் வைத்திருக்கிறவர். எங்கள் வயலுக்கு அடுத்த வயல் அவருடையது. என்னை அக்கா என்றும் இவரை அத்தான் என்றும் கூப்பிடுவார். அத்தான் என்ற முறையால் அவருக்கு நக்கலடிக்க உரிமை இருந்தது, அதை அவர் வீணாக்கியதே இல்லை.

"நம்மட பகுதியில புதியவருக்குப் போடுற வீடு ஒண்டு காட்டு பாப்பம். ஒரு வீடு!" என்றார் என் வீட்டுக்காரர்.

"நம்மட பகுதிய விடுங்க அத்தான். நான் ஓட்டமாவடிக்கு நெல் ஏத்திப் போறனான். பொலநறுவைப் பக்கத்தால வாற லொறிக்காரர்கிட்டக் கேட்டுப் பாருங்க. எல்லாரும் புதியவர்தான்."

"லொறிக்காரன் எப்படா வோட்டுப் போட ஊருக்குப் போனான்? அவன் ரோட்டிலதானே கிடப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். மெசின்காரருக்கு அது பிடிக்கவில்லை.

"பழையவர்ட கூட்டத்துக்கு வந்த சனத்தப் பேப்பர்ல பாக்கல்லயா நீ?" என்று இவரே தொடர்ந்தார்.

"பாத்தன், பாத்தன். சோத்துப் பார்சலும் கையுமா நிக்குதுகள். அத்தானுக்குப் பேப்பர் வாசிக்கத் தெரியும். நாடு தெரியா."

அந்தச் சொல் இவரைக் குத்தியிருக்க வேண்டும். எழும்பி நின்றார்.

"எனக்கா நாடு தெரியா? என்ன வைக்கிறாய் சொல்லு."

"நீங்க வையுங்க முதல்ல."

"இந்தப் பெரும்போகம் என்ட ரெண்டேக்கரையும் நீயே விதை, நீயே வெட்டு, நெல்லையும் நீயே கொண்டு போ. பழையவர் தோத்தா."

"தோக்காட்டி மூணு போகம் உங்கட வயல என்ட மெசினால சும்மா உழுது தாறன்."

வாயால் சொன்னது நாளைக்கு மாறிவிடும் என்று அங்கிருந்த ஒருவர் சும்மா இருக்காமல் சொல்ல, எல்லோருமாகச் சந்திப் பிள்ளையார் கோயிலுக்குப் போனார்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். கோட்டில் நீதவானுக்கு முன்னால் பொய் சொல்லத் துணிந்தவர்கூடக் கற்பூரத்தில் பொய் சொல்லப் பயப்படுவார். இவர் திரும்பி வந்தபோது உள்ளங்கை கறுத்திருந்தது. கைகழுவத் தண்ணீர் கேட்டார். வார்த்துக் கொடுத்தேன்.

அந்த இரண்டு ஏக்கர் இவருடையதல்ல. எங்கள் ஊர்களில் வீடும் காணியும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். ஆம்பிளை கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வருவார். என் வீட்டுக்காரர் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு சைக்கிளோடும் வந்தவர். எங்கள் பெரிய வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்பக்கத்துச் சின்ன வீட்டில் நாங்கள் இருக்கிறோம். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், ஊராரின் வயல்கள் சேர்ந்திருக்கும் வட்டையில் இருக்கிற அந்த வயலை மட்டும் என் பேரிலேயே வைத்துக்கொண்டோம். என் அம்மா எனக்கு எழுதித் தந்தது. இவர் அதை உழுதார், விதைத்தார், பன்றிக்குக் காவல் கிடந்தார். எல்லாக் காலமும் "என்ட வயல்" என்றுதான் சொல்வார். நான் அதைத் திருத்தியதில்லை. திருத்த வேண்டிய தேவையும் வந்ததில்லை.

நாங்களும் மகள் வீட்டாரும் வருசம் முழுக்கத் தின்பது அந்த நெல்லைத்தான். முந்திய போகம் வெள்ளத்தோடு போய்விட்டது. இதுவும் போனால் கடையில் அரிசி வாங்கித்தான் உலை வைக்க வேண்டும்.

மகளுக்குச் செய்தி போனதும் ஓடி வந்தாள்.

"அம்மா, நீங்க சொல்லுங்க, அது உங்கட காணியெண்டு."

"அப்பா கற்பூரம் அடிச்சிட்டாரே புள்ள."

"அவர் அடிச்சது அவர்ட கையால. காணி அவர்ட கையில இல்ல."

அவள் சொன்னது சரிதான். ஆனால் நான் ஆம்பிளைகள் கூடிய இடத்தில் பேசிப் பழகாதவள். கடையில் சாமான் வாங்கினால்கூட விரலால் காட்டுகிறவள். இவரிடம் தனியாகச் சொல்லலாம் என்று மூன்று நாள் முயன்றேன். சோறு போடும்போது சொல்லப் போய், இன்னொரு அகப்பை சோற்றைப் போட்டுவிடுவேன். இவரோ, "பயப்படாத, பழையவர் வெண்டாச்சு," என்று சொல்லிக்கொண்டு மீனைப் பிசைவார். கடைசியில் நானும் பழையவர் வெல்ல வேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிடத் தொடங்கினேன். எனக்கோ பழையவரைப் பிடிக்கவும் இல்லை.

வோட்டுப் போடப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் இவர் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார்: "ஒரு புள்ளடி. பழையவருக்கு நேர. வேற ஒண்டும் கீறாத." மகள் வேறு மாதிரிச் சொல்லியிருந்தாள். பெருக்கல் குறி மாதிரிப் போடும் அந்தப் புள்ளடிக்குப் பதிலாக ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமும் போடலாம். ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரையும் தவிர மற்றவர்களுக்கு ஒன்று போட்ட சீட்டுகளைத் திரும்ப எடுத்து, இரண்டு யாருக்கென்று பார்ப்பார்களாம். ஆனால் இதுவரைக்கும் அப்படி எண்ண வேண்டி வந்ததேயில்லை என்றும் சொன்னாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் பெயர் வாசிப்பேன். அந்தச் சீட்டோ என் கையை விட நீளம். மறைப்புக்கு வைத்த மட்டைப் பெட்டிக்குப் பின்னால் நின்று மேலிருந்து கீழ் வரைக்கும் இரண்டு தரம் வாசித்தேன். சண்டைக் காலத்தில் காணாமற்போனவர்களைப் பற்றித் தன் நோட்டீசில் எழுதியிருந்த ஒருவர் அதில் இருந்தார். அவர் வெல்லமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். என் தம்பியும் போய்த் திரும்பி வராதவன். அவருக்கு ஒன்று என்று எழுதினேன். பிறகு வயலை நினைத்துக்கொண்டு பழையவருக்கு நேரே இரண்டு என்று எழுதினேன். அந்த இரண்டு ஒரு பக்கம் சரிந்துவிட்டது.

"போட்டியா?" என்று இவர் வாசலில் கேட்டார்.

"ஓம்."

அடுத்த நாள் ஞாயிறு. விடிந்ததிலிருந்து மாமரத்தடியில் றேடியோ கத்திக்கொண்டிருந்தது. மகள் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாவட்டமாகச் சொன்னாள். மெசின்காரரும் வந்து கதிரையில் குந்தியிருந்தார். முதலில் தெற்குப் பக்கத்து முடிவுகள் வந்தன. புதியவர், புதியவர், திரும்பவும் புதியவர். இவர் பேப்பரை மடித்து விசிறினார். பிறகு எங்கள் மாவட்டத்தின் முடிவு வந்தது. பழையவர் முன்னுக்கு.

இவர் துள்ளி எழும்பினார். "சொன்னனா இல்லயா? சொன்னனா இல்லயா?"

மெசின்காரர் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "நம்மட வட்டைக்குள்ள நீங்கதான் ஜனாதிபதி அத்தான். நான் நாட்டக் கேக்கிறன்."

மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது றேடியோவில் சொன்னார்கள், ஒருவருக்கும் பாதி வரவில்லை, இரண்டாவது விருப்பு வாக்குகளை எண்ணப் போகிறார்கள் என்று.

"அதென்ன ரெண்டாவது?" என்று இவர் கேட்டார். மகள் விளங்கப்படுத்தினாள்.

"ஆருடி அப்பிடிப் போட்டிருப்பா? எல்லாரும் புள்ளடிதானே போடுற."

"போட்டாக்களும் இரிப்பாங்கப்பா," என்றாள் மகள். அவளுக்கும் நான் சொல்லவில்லை.

கஞ்சி வடிகிற சட்டியைப் பிடித்தபடி நின்றேன். என் சீட்டைப் பெட்டிக்குள் இருந்து யாரோ எடுக்கிறார்கள், சரிந்த அந்த இரண்டைப் பார்க்கிறார்கள், பழையவர் பக்கம் வைக்கிறார்கள் என்று எனக்குக் கண்ணில் தெரிந்தது. என்னைப் போல எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்? வெளியே இவர் வாசல் கேட்டுக்குப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தார். மெசின்காரரும் பகிடி விடுவதை நிறுத்திவிட்டார். சோற்றை ஒருவரும் கேட்கவில்லை.

பொழுது சாயும் நேரம் அறிவித்தார்கள். புதியவர்தான்.

இவர் றேடியோவை நிறுத்தினார். கொஞ்ச நேரம் அதன் மேலேயே கையை வைத்திருந்தார். மெசின்காரர் எழும்பி சாரத்தை மடித்துக் கட்டினார். அவர் முகத்தில் வென்ற களை இல்லை.

"அத்தான், கற்பூரம் அடிச்சாச்சு. நான் வேணாமெண்டு விட்டாலும் சத்தியம் தப்பின பாவம் எனக்கும்தான். நாளைக்குக் காலமை வயலுக்கு மெசினக் கொண்டு போறன்."

"கொண்டு போ," என்றார் இவர்.

திங்கட்கிழமை விடிந்தும் இவர் பாயை விட்டு எழும்பவில்லை. ரோட்டில் மெசின் போகிற சத்தம் கேட்டது. அது பாலத்தால் சுற்றித்தான் படுவான்கரைக்குப் போக வேண்டும். நான் சேலையை மாற்றவில்லை, செருப்பும் போடவில்லை. வாவித் துறைக்குப் போனேன். இறால் எடுக்கப் போகிற ஒருவரின் தோணி புறப்பட்டுக்கொண்டிருந்தது. விரலால் அக்கரையைக் காட்டினேன். ஏற்றிக்கொண்டார்.

வாவி அசைவில்லாமல் கிடந்தது. தோணி நகர்வதாகவே தெரியவில்லை. என்ன சொல்வது என்று ஒவ்வொரு சொல்லாகக் கோத்துக்கொண்டு போனேன். கரையில் இறங்கியதும் எல்லாம் மறந்துபோயிற்று.

வட்டையில் வாய்க்கால் துப்புரவு நடந்துகொண்டிருந்தது. ஏழெட்டு ஆம்பிளைகள் மண்வெட்டியோடு நின்றார்கள். மெசின் எங்கள் வரம்பில் முன்சில்லை உருட்டி ஏற்றியிருந்தது. நான் ஓடிப்போய் அதற்கு முன்னால் வரம்பிலேயே நின்றேன். மெசின்காரர் எஞ்சினை நிறுத்தினார்.

"என்னக்கா?"

"இறக்காதங்க தம்பி. இது என்ட காணி. என்ட அம்மா தந்தது. நான் கற்பூரம் அடிக்கல்ல."

என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. மண்வெட்டிகள் நின்றுவிட்டன.

மெசின்காரர் என்னையே பார்த்தார். "அண்டைக்கு நீங்க தேத்தண்ணியோட பின்னால நிண்டயள்தானே அக்கா. அண்டைக்கு ஏன் வாய் திறக்கல்ல?"

அவர் கேட்டது நியாயம்.

"திறக்காதது என்ட பிழை. இண்டைக்குத் திறந்திட்டன்."

"அப்ப அத்தான்ட சத்தியம்?"

"அவர் அவர்ட எதையாவது வச்சுத் தீர்க்கட்டும்."

வாய்க்காலுக்குள் நின்ற ஒருவர், "அவருக்கெண்டு என்ன கிடக்கு? அந்தப் பழைய சைக்கிளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மெசின்காரர் மட்டும் சிரிக்காமல் மெசினைப் பின்னால் எடுத்தார். வயல் தப்பியது. ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு முன்னாலேயே வாவியைக் கடந்து ஊருக்குள் போய்விட்டது.

நான் வீட்டுக்கு வந்தபோது இவர் முற்றத்தில் நின்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பின்னேரம் மெசின்காரரைக் கூப்பிட்டு மாமரத்தடியில் வைத்துச் சொன்னார்:

"என்னட்ட இரிக்கிறது இந்த ரெண்டு கையும்தான். இந்தப் போகம் முழுக்க உன்ட வயலில வேல செய்யிறன். கூலி வேணாம்."

"என்ன அத்தான் இது! இந்த வயசில உங்கள வேல வாங்கினா சனம் எனக்குத்தான் காறித் துப்பும்."

"கற்பூரம் அடிச்சது ஆரு?"

"ரெண்டு பேரும்தான்."

"அப்ப வாய மூடு."

அப்படியே செய்தார். விதைப்புக்குப் போனார், காவலுக்குப் போனார், மழைக்குள் நின்று களை பிடுங்கினார். எழுபது வயது தாண்டிய மனிசன். எங்கள் வயலை மருமகன் வேறு மெசின் பிடித்து உழுது விதைத்தார். அடுத்து பாராளுமன்றத் தேர்தல் வந்தபோது மாமரத்தடியில் திரும்பவும் கதை தொடங்கியது. ஒருவர் பந்தயம் என்று வாயெடுத்துவிட்டு அடுக்களைப் பக்கம் பார்த்தார். நான் வெளியே வந்து, "என்ன வைக்கிறயள்?" என்று கேட்டேன். சிரித்தார்கள். இவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மார்கழியில் ஒரு நாள் இவருக்குச் சோறு கொண்டு போனேன். மெசின்காரரின் வரம்பில் குந்தியிருந்து தின்றார். காய்ச்சல் வந்து அப்போதுதான் சுகமாகியிருந்த உடம்பு. "வீட்ட வாங்களன், இனிப் போதும்," என்றேன். இவர் கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்:

"உன்ட வயலில வடக்கு வரம்பு உடைஞ்சு தண்ணி போகுது. போய்க் கட்டு."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். முழங்கால் வரைக்கும் தண்ணீர் இழுத்தது. சேற்றை அள்ளி அள்ளி வைத்தேன், வைத்ததெல்லாம் கரைந்து போனது. அவர் மற்ற வரம்பில் நின்றபடி, "புல்லோட வெட்டி வை. வெறும் சேறு நிக்காது," என்றார். புல்லோடு வெட்டி வைத்தேன். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அவர் அங்கேயே நின்று பார்த்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மெசின்காரரின் வயலுக்குள் திரும்ப இறங்கினார்.