அண்ணன் மட்டும் பார்த்த முகம்

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஓர் ஐப்பசி மழையில் கட்டுமரத்தில் போனவர் திரும்பவில்லை. மரம் மட்டும் மறுநாள் கரை சேர்ந்தது. சில நாள் கழித்து, எண்ணூர்ப் பக்கம் ஓர் உடல் ஒதுங்கியிருப்பதாகத் திருவொற்றியூரில் இருந்த எங்கள் குப்பத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். அண்ணன் போனான். கூடப் போன பெரியவர்கள் தள்ளியே நின்றுவிட்டார்களாம். மீன் தின்ற முகத்தை அவர்களால் பார்க்க முடியவில்லை. அண்ணன்தான் கிட்டப் போய்க் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "நைனாதான்" என்றான்.

அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் போலீஸ் எழுதிக்கொண்டது. அதை வைத்துத்தான் அம்மா தாலியைக் கழற்றினாள். வீட்டுக்குக் கொண்டுவரும் நிலையில் இல்லை என்று நேரே இடுகாட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். எதைப் பார்த்து அடையாளம் தெரிந்தது என்று அம்மா ஒரு முறை கேட்டாள்.

"வேணாம்மா. எனுக்குத் தெரியும். வுட்று" என்றான்.

அவள் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அண்ணன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். காசிமேட்டில் விசைப்படகு வேலை முடிந்தால், கடலோரப் பாறைகளில் தோஸ்துகளோடு உட்கார்ந்து கஞ்சா புகைப்பான். அம்மா அவன் சட்டையை மோந்து பார்த்தே கண்டுபிடித்துத் திட்டுவாள். அவன் தலை குனிந்தபடி சாப்பிடுவான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடைகாலம் அது. ரப்பர் எரியும் நாற்றம் அடிக்கிறது என்று அண்ணன் சொல்லத் தொடங்கினான். எங்கள் பக்கம் அது ஒரு சேதியே இல்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கத்துத் தொழிற்சாலையின் நாற்றம் வீட்டுக்குள் வரும். காற்று மாறினால் சரியாகிவிடும் என்றாள் அம்மா. காற்று மாறியது. அண்ணனுக்கு மட்டும் நாற்றம் போகவில்லை. பிறகு தலைவலி, காய்ச்சல். ஒரு காலையில் சட்டையை எடுத்துக் காலில் மாட்டப் பார்த்தான். நான் சிரித்தேன். அவன் என்னை யாரோ போலப் பார்த்தான். மத்தியானம் வலிப்பு வந்தது.

பெரியாஸ்பத்திரியில் மூளைக்காய்ச்சல் என்றார்கள். வைரஸ் கிருமி மூளைக்குள் போய் வீக்கம் உண்டாக்கியிருக்கிறது, பிழைப்பது கடினம் என்றார்கள். அண்ணன் பிழைத்தான். குப்பத்தில் யாரும் வைரஸை நம்பவில்லை. கஞ்சா மண்டைக்கு ஏறிவிட்டது என்றே பேசிக்கொண்டார்கள். அம்மாவும் அதையே நம்பினாள்.

வீடு திரும்பியவனுக்கு எங்களைத் தெரிந்தது. வலை பின்னக் கை பழையபடி ஓடியது. சின்ன வயதில் நாங்கள் நண்டு பிடித்த கதையெல்லாம் சொன்னான். ஆனால் காய்ச்சலுக்கு முந்திய சில வருடங்கள் அவனிடம் இல்லை. புதிதாக எதைச் சொன்னாலும் தங்கவுமில்லை. வந்த முதல் நாள் சாயங்காலம் கரைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் கேட்டான்.

"நைனா இன்னும் வர்லியா?"

அம்மா உண்மையைச் சொன்னாள். அண்ணன் தரையில் விழுந்து கதறினான். அடுத்த நாள் சாயங்காலம் அதே கேள்வி, அதே கதறல். எங்கள் வீட்டில் நைனா தினமும் செத்தார். அம்மாவால் தாங்க முடியவில்லை. ஒரு நாள், "வந்துருவாருடா, நீ துன்னு" என்று சொல்லிவிட்டாள். அவன் நம்புவதற்காக ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைத்தாள். அவன் அமைதியாகச் சாப்பிட்டான். அன்றிலிருந்து அதுவே பழக்கமாயிற்று.

முதலில் அது அவனுக்காகத்தான். நாளாக ஆக அம்மாவும் வாசலில் நின்று கடலைப் பார்ப்பதைக் கவனித்தேன். கேட்டதற்கு மீன் அரிந்துகொண்டே சொன்னாள்.

"பெத்த அப்பன் மூஞ்சிடி. நெஜமாலுமே பாத்திருந்தா மறந்துருமா?"

நைனா செத்ததற்கு இருந்த ஒரே சாட்சி அண்ணன். அந்தச் சாட்சியே இப்போது வாசலில் உட்கார்ந்து அவர் வருவார் என்று காத்திருந்தான்.

விலங்கியல் படித்து முடித்ததும் நகரத்தின் தென்கோடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. எலிகளுக்கு மூளை வீக்கம் உண்டாக்கி, என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி. மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டிக் கண்ணாடியில் ஒட்டுவது என் வேலை. அங்கே தலைமை விஞ்ஞானி ஒரு பெண்மணி. பொறுமையாகப் பேசுவார். ஒரு நாள் என்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். மூளையைக் காவல் காக்கும் செல்கள், வீக்கம் வந்ததும் உருண்டு தடித்து, நல்ல செல்களையும் சேர்த்து அழிப்பதைக் காட்டினார்.

"இதுங்களை அடக்க மூளையே ஒண்ணு தயார் பண்ணுதும்மா. கஞ்சாவுல இருக்கிற சரக்கு மாதிரியே வேலை செய்யும். எண்டோகன்னாபினாய்டுன்னு சொல்றோம். அதுல ஒண்ணுக்கு நம்ம 'ஆனந்தம்'ங்கிற சொல்லை வெச்சுத்தான் பேர் வெச்சிருக்காங்க."

அவரிடம் அண்ணனைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நாற்றம் தெரிந்ததா என்று அவரே கேட்டார். காதுக்கு உள்பக்கம் வாசனையும் ஞாபகமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, சில வைரஸ்கள் அந்த இடத்தைத்தான் தேடிப்போகும் என்றார். கஞ்சாவால் மூளைக்காய்ச்சல் வராது என்றார். அதற்காக அது மருந்து என்றும் சொல்லமாட்டேன் என்றார். வெளியிலிருந்து கஞ்சாவாகப் போவது மூளை முழுக்கப் பரவும். மூளைக்குள்ளேயே உண்டாவது வீக்கம் கண்ட இடத்தில் தோன்றி, கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும்.

"அவருக்கு அது சுரக்கலையா மேடம்?"

"சுரந்திருக்கும். போதாம போயிருக்கும். அந்தக் கொஞ்சம் சுரந்ததாலதான் இந்த மட்டும் பிழைச்சாரோ என்னவோ, எனக்குத் தெரியலம்மா."

போன ஞாபகம் வருமா என்று கேட்டேன். அந்த இடமே அழிந்திருந்தால் வராது என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். கஞ்சா காரணமில்லை என்றதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அவன் மண்டைல எரிஞ்சி போச்சி, சரி. அன்னிக்கு எண்ணூர்ல அவன் பாத்தது ஒங்க நைனாவத்தானா?"

எலியின் மூளையில் அதற்குப் பதில் இல்லை. ஏன் மறந்தான் என்பதைத்தான் என்னால் சொல்ல முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்கள் இருவரையும் பஸ்ஸில் ஏற்றி எண்ணூர்க் கரைக்கு அழைத்துப்போனாள். நல்ல வெயில். அண்ணன் மணலில் குழந்தை மாதிரி கால் புதைய நடந்தான். ஓரிடத்தில் நின்றான். ரப்பர் எரிகிறது என்று முணுமுணுத்தான். பிறகு வெறும் ஈர மணலைப் பார்த்துக் குனிந்து, அப்படியே இருந்தான். ஏதோ ஒன்றின் மேலிருந்து துணியை விலக்குவது போல விரல்கள் அசைந்தன. அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"யாருடா அது?" என்றாள், மெதுவாக.

அவன் நிமிர்ந்தான். முகம் வியர்த்திருந்தது.

"யாரும் இல்லியே. நைனா வந்துகினு இருப்பாரு, வூட்டுக்குப் போலாம்."

அன்று ராத்திரியும் அம்மா ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைத்தாள்.

சில வருடம் கழித்து, குளிக்கும்போது வந்த வலிப்பில் அண்ணன் போய்விட்டான். எடுத்துப்போவதற்கு முன், குழி வெட்டப் போகிற ஆட்கள் வாசலுக்கு வந்து, அப்பன் குழியையே திறந்து பிள்ளையையும் வைத்துவிடலாமா என்று கேட்டார்கள். குப்பத்தில் அது வழக்கம்தான். அம்மா அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் சொன்னாள்.

"வேணாம். அதுல யாரு கீறாங்களோ. எம்புள்ளய தனியா வெய்ங்க."

ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். அவள் சொன்னபடியே செய்யச் சொல்லித் தலையாட்டினேன். தள்ளி, வேலியோரமாகப் புதுக் குழி வெட்டினார்கள்.