துரை வீட்டுக் கடலைக் கழுவினவள்

கடல்மீன் தொட்டி கழுவுகிறவளை, மீன்கள் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் தெரியாது; ஒரு மீன் மல்லாந்து மிதந்தால் போதும், பங்களா முழுக்க அவள் பெயரைத்தான் கூப்பிடும். பிறத்தியார் வீட்டில் கூட்டித் துடைத்து வயிறு வளர்த்தவர்களே, நீங்கள் படாததையா நான் சொல்லிவிடப் போகிறேன்? நீங்கள் தரையைத் துடைத்தீர்கள், நான் கடலைத் துடைத்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷமாகியும் எங்களுக்கு வெள்ளைக்காரத் துரைதான். கொழுந்துக் கூடையோடு மழையில் சறுக்கி விழுந்ததில் என் வலது முழங்கால் சரியாக மடங்காமல் போயிருந்தது. மலையேற முடியாதவளைத் தோட்டத்து லயத்து வீட்டில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று நானும் அம்மாவும் பயந்துகொண்டிருந்தோம். அப்போதுதான் துரை பங்களாவில் கண்ணாடித் தொட்டி வைத்தார். கொழும்பிலிருந்து மரப் பீப்பாய்களில் கடல்தண்ணீர் ரயிலேறி அட்டனுக்கு வரும். அங்கிருந்து தோட்டத்து லொறி ஏற்றி வரும். பவளப்பாறைச் சந்துகளில் கைவிட்டு அழுக்கெடுக்க மெல்லிய விரல்காரி ஒருத்தி வேண்டுமென்றார் துரை. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா என்னை அனுப்பினார்.

ஒரு வாய்க் கடல்

வேலை இதுதான். மீன் தின்று மீந்தது, மீன் கழித்தது, பாறையில் படிந்த பாசி எல்லாம் அடிமணலில் சேரும். ரப்பர் குழாயின் ஒரு முனையை அழுக்கின் மேல் பிடித்துக்கொண்டு, மறு முனையை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். தண்ணீர் ஏறி வருகிற நேரம் பார்த்து வாயை எடுத்துக் குழாயை வாளியில் போட்டால் அழுக்கு தானாக இறங்கும். நேரம் தப்பினால் வாயில் இறங்கும்.

முதல் நாள் எனக்கு நேரம் தப்பியது. உப்பும் கசப்பும் மீன் மலமும் சேர்ந்து ஒரு வாய் நிறைய. துரை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கம்பளத்தில் துப்பவும் முடியாது, அவர் முன்னால் ஓடவும் மனசில்லை. விழுங்கிவிட்டு அடுத்த வாளியை இழுத்தேன். சாயங்காலம் லயத்துக்கு வந்து பக்கத்துக் காம்பராக்காரி ராக்கு அக்காவிடம் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நம்ம ஆளுங்க எல்லாரும் கடலைத் தாண்டித்தான் வந்தாங்க புள்ள. அதைக் குடிச்சிட்டு வந்தவ நீ ஒருத்திதான்."

எந்தக் கானில் ஊற்றுவது

பங்களாவில் சமையலுக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் பெரியவர் வேலாயுதம் அப்பு. துரைக்கு அவர் பயப்படுவார். மற்றவர்கள் அவருக்குப் பயப்பட வேண்டும். அழுக்குத் தண்ணீரைப் பின்பக்கத்துக் கானில், கழிவு வாய்க்காலில், ஊற்றச் சொன்னார். அந்தக் கான் நேரே கீழே ஓடி, எங்கள் லயத்துப் பீலிக்கு மேலே போய்ச் சேரும். அந்தப் பீலித் தண்ணீரைத்தான் நாற்பது குடும்பம் குடிக்கிறது.

"அங்க ஊத்த மாட்டேன் அண்ணே" என்றேன். "ஊத்துன்னா ஊத்தணும்" என்றார். வாளியைக் கீழே வைத்துவிட்டு நேரே துரையின் மனைவி துரைசாணியிடம் போனேன். பங்களாவில் பெண்ணாள் யாரும் கூப்பிடாமல் அவர் முன்னால் போய் நின்றதில்லை. "எங்கே ஊத்தட்டும் தொரசாணி? லயத்துப் பீலியில மட்டும் முடியாது" என்றேன். அவருக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும். தன் ரோஜாச் செடிகளைத் திரும்பிப் பார்த்தார். "இங்கே வேண்டாம். வேறே எங்கேயாவது ஊத்து" என்றார்.

வாசலிலிருந்து வெளிக் கேட் வரைக்கும் போகிற சரளைப் பாதையில் ஊற்றினேன். நொண்டிக் காலோடு வாளி வாளியாகச் சுமந்தேன். ஒரு மாசத்தில் அந்தப் பாதையில் புல் பூண்டெல்லாம் உப்பில் கருகிப்போனது. துரை காரிலிருந்து இறங்கி, இவ்வளவு சுத்தமாகப் புல் வெட்டியது யாரென்று கேட்டார். வேலாயுதம் அப்பு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நான்தான் தொரை, ஆள் வச்சுப் பாத்துக்கிட்டேன்."

விருந்தாளியின் கேக்

நுவரெலியாவிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா விருந்துக்கு வந்திருந்தார். முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு நான் பாறைச் சந்தைத் துழாவிக்கொண்டிருந்தேன். அவர் மூக்கைச் சுளித்து இங்கிலீஷில் என்னவோ கேட்டார். "இவ கையால மீனுக்கு வியாதி வராதான்னு கேக்கறாங்க" என்றார் துரைசாணி, கொஞ்சம் சங்கடத்தோடு. எனக்குச் சுருக்கென்றது. "காலையில ரெண்டு தரம் கழுவின கை தொரசாணி. இதுவரைக்கும் இந்தக் கையால ஒரு மீனும் சாகல" என்றேன்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே தட்டிலிருந்த கேக்கைப் பிட்டுத் தொட்டிக்கு மேலே கையை நீட்டினார். கேக் விழுந்தால் வெண்ணெய் மிதக்கும், மாவு அடியில் அழுகும், மூன்று நாளில் தொட்டி நாறும். சொல்லிப் புரியவைக்க நேரமில்லை. ஈரக் கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டேன். உப்புத் தண்ணீர் அவருடைய பட்டுச் சட்டைக் கையில் ஓடியது. வேலாயுதம் அப்பு தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றார். என் வேலை அன்றோடு போனது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனாலும் கேக்கை அவர் தட்டில் திரும்ப வைக்கும்வரை கையை விடவில்லை. துரைசாணி என்னருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"நல்ல வேளை, நான் கையை நீட்டலே."

சவர்க்காரம்

அடுத்த வருஷம் கொழும்பிலிருந்து ஒரு மீன் நிபுணர் வந்தார். கால்சட்டையும் கழுத்துப் பட்டியுமாக, தமிழ் பேசுகிற மனுஷர். தொட்டி மணலில் விரலை விட்டுப் பார்த்து, எல்லாம் அசுத்தம், மணலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பழைய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொட்டிவிட்டுப் புதுசு நிரப்ப வேண்டும் என்றார்.

"மேல கிடக்கிற அழுக்கை எடுத்தா போதும் தொரை" என்றேன் நான். "அடி மண்ணு அப்படியே இருக்கணும். தண்ணி பாதியாவது பழசா இருக்கணும். முன்னே ஒருக்கா நீங்களே முழுசா மாத்துனப்போ ரெண்டு மீன் செத்துச்சே, ஞாபகமில்லீங்களா?" நிபுணர் துரையைப் பார்த்துச் சிரித்தார். துரைக்கு முகம் சிவந்தது. "அவர் சொன்னதைச் செய்" என்றார். "என் கையால செய்ய மாட்டேன்." "அப்போ பங்களாவை விட்டுப் போ." போனேன். அம்மாவிடம் என்ன சொல்வது, லயத்தில் இருக்க விடுவார்களா என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். ஆனால் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கலாமென்று ஒரு நொடியும் தோன்றவில்லை.

குசினி வாசலில் மட்டும் நின்றேன். கழுவுகிற வேலை இப்போது வேலாயுதம் அப்புவின் தலையில். "அண்ணே, அந்தச் சின்ன ஆரஞ்சு மீன் ரெண்டையும் பழைய தண்ணியோட பெரிய பேசின்ல விட்டு அடுப்புப் பக்கமா வைங்க. கொஞ்சம் பழைய மண்ணும் போடுங்க. அப்பப்போ கரண்டியால கலக்கி விடுங்க" என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். துரைக்குத் தெரியாமல் ஒரு சீனிக் கட்டியைக்கூட எடுக்காத மனுஷர்.

"போ போ, நான் ஒண்ணும் கேக்கல" என்றார். அப்புறம் என் முதுகுக்குப் பின்னால், "எத்தனை தடவை கலக்கணும்?"

நாலாம் நாள்

நாலாம் நாள் காலையில் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் தொட்டி பளபளவென்று இருக்கிறது, பதினொரு மீனும் மல்லாந்து கிடக்கின்றன. துரை கத்தினார். "கோபத்துல நீதானே என்னமோ போட்டே?" என்றார். நிபுணரும் டெலிபோனில் அப்படித்தான் சொன்னாராம், வேலைக்காரர்களை விசாரிக்கும்படி. செத்த மீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒவ்வொன்றும் எந்தச் சந்தில் ஒளியும் என்று எனக்குத் தெரியும். "நாலு நாளா இந்த வாசல்ல நான் கால் வைக்கல. வைக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்க" என்றேன்.

அப்போது வேலாயுதம் அப்பு பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள்ளே இரண்டு ஆரஞ்சு மீனும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. "இந்தப் புள்ள சொன்னபடி வச்சேன் தொரை. இது பழைய தண்ணி. அது நான் சவர்க்காரம் போட்டுக் கழுவினது. குத்தம்னா என்னைச் சொல்லுங்க" என்றார். துரை பேசினுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது கோபம் இல்லை.

மறுபடி வேலைக்கு வரச் சொன்னார். "வர்றேன்" என்றேன். "தொட்டி விஷயத்துல இனிமே நான் சொல்றதுதான். யாரு வந்து என்ன சொன்னாலும் எனக்குத் தெரியாம ஒரு குவளைத் தண்ணி மாத்தக் கூடாது. நான் போட்டதா சொன்னீங்களே, அது தப்புன்னு அப்பு அண்ணன் முன்னாலயே சொல்லுங்க." வேலாயுதம் அப்பு கண்ணை மூடிக்கொண்டார். துரை தொண்டையைச் செருமினார். "தப்பு" என்றார், என்னைப் பார்த்தே. பிறகு கொஞ்ச தூரம் நடந்து திரும்பி நின்று கேட்டார்:

"இந்த பங்களாவுக்கு தொரை நீயா, நானா?"

அந்த பங்களாவில் எட்டு வருஷம் அடுத்தவர் மீனின் அழுக்கை அள்ளினேன், என் கையை அழுக்கு என்று சொன்னவர்களுக்கெல்லாம் அந்த இடத்திலேயே பதில் சொல்லிவிட்டுத்தான் கை கழுவினேன்.