ஒன்றும் இல்லாதபோது எடுக்கும் படம்

வேன் ஓட்டிய காலத்தில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். அவன் திருக்கழுக்குன்றம், நான் கோவளம். மாமல்லபுரத்தில் சவாரிகளை இறக்கிவிட்டால், அவர்கள் சுற்றிப் பார்த்துத் திரும்பும்வரை எங்களுக்கு சிகரெட்தான் வேலை. ஒருவன் பாக்கெட் தீர்ந்தால் இன்னொருவன் பாக்கெட். பல வருடங்கள் அப்படியே புகையாகப் போயின.

அவனுக்கு இருமல் வந்தபோது டீசல் புகை என்றோம். பிறகு ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். அவன் இருமல் இரண்டாக வரும். முதலில் நீளமாக ஒன்று, பிறகு மன்னிப்புக் கேட்பதுபோல் சின்னச் செருமல். சளியில் ரத்தம் கண்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். நுரையீரலில் தொடங்கியது அதற்குள் எலும்புவரை பரவியிருந்தது. அடுத்த மழைக்காலத்தை அவன் பார்க்கவில்லை.

இடுகாட்டு வாசலில் யாரோ ஒரு சிகரெட்டை நீட்டினார்கள். வாங்கி உதட்டில் வைத்தேன். பற்றவைக்கக் கை வரவில்லை. அதோடு விட்டேன். விட்டால் எல்லாம் தீர்ந்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில வருடம் கழித்து ஒரு காலையில் அவன் மனைவி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில், நெடுநாள் சிகரெட் பிடித்தவர்களுக்கு நுரையீரலை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள்.

"கெளம்புண்ணா, போய் எடுத்துகினு வந்துடலாம்."

"எனுக்கு இன்னாம்மா? நல்லாத்தான கீறேன். இருமல்கூட இல்ல."

"அவுரும் நல்லாத்தான் கீறேன்னு சொல்லிகினு இருந்தாரு" என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டேன்.

டாக்டர் ஒரு இளம்பெண். எத்தனை வருடம் பிடித்தேன், ஒரு நாளைக்கு எவ்வளவு, எப்போது விட்டேன் என்றெல்லாம் கேட்டாள். இருமலே இல்லையே என்றேன்.

"இருமல் வந்தப்புறம் பாக்குறது வேற ஐயா. இது ஒண்ணும் இல்லாதப்பவே எடுத்துப் பாக்குறது. சின்னதா இருக்கும்போதே கண்டுபிடிச்சா காப்பாத்த வழி இருக்கு."

கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்கச் சொன்னார்கள். வளையம் சுற்றியது. ஊசி இல்லை, வலி இல்லை. மூச்சைப் பிடிக்கச் சொன்னது ஒரு குரல். பிடித்தேன். சில நொடிதான். ஆனால் கடைசி நாட்களில் மூச்சுக்காக அவன் வாயைத் திறந்து திறந்து மூடியது கண்முன் வந்தது.

படத்தில் வலது பக்கம் சின்னதாக ஒரு புள்ளி இருந்தது.

"பயப்படாதீங்க. பழைய சளித் தழும்பாக்கூட இருக்கலாம். பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுப்போம். வளராம இருந்தா நல்லது."

அந்த மூன்று மாதம் நான் தனியாக வேன் ஓட்டவில்லை. கேளம்பாக்கம் சிக்னலில் நிற்கும்போது பின்சீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் காலி சீட். ஒரு மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது புரையேறியது. இருமினேன். நீளமாக ஒன்று. பிறகு என்னை அறியாமல் ஒரு சின்னச் செருமல். அடுப்படியிலிருந்து என் மனைவி தண்ணீர்ச் சொம்போடு வேகமாக வந்தாள். வந்தவள் என்னைத் தாண்டி வாசல் பக்கம் பார்த்தாள்.

"யாரு வந்தது?" என்று கேட்டாள்.

அது அவன் இருமல் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து செருமல் வந்தாலும் விழுங்கப் பழகினேன்.

இரண்டாவது ஸ்கேனுக்கும் அவன் மனைவியே கூட வந்தாள். நான் வேண்டாம் என்றதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"வளரல ஐயா. அப்படியேதான் இருக்கு. இனிமே வருசா வருசம் வந்து எடுத்துக்குங்க."

கும்பிட்டுவிட்டு எழுந்தேன். அவன் மனைவி எழவில்லை.

"எங்க வூட்டுக்காரருக்கும் இதே மாரி முன்னாடியே எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமாம்மா?"

டாக்டர் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"தெரிஞ்சிருக்கலாம்மா. உறுதியா சொல்ல முடியாது."

அவள் தலையாட்டினாள். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவள்போல் அமைதியாக எழுந்து வந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திருக்கழுக்குன்றம் மலை தெரியத் தொடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"உனுக்கு நல்லதா சொன்னதுல எனுக்கு சந்தோசம்தாண்ணா. நெசமாத்தான் சொல்றேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆனா இன்னிக்கி ஒருநாள் என்னான்ட பேசாத."

பேசவில்லை. அவள் நிறுத்தம் வந்ததும் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பஸ் நகர்ந்தது. அதற்குள் என் மனைவியிடமிருந்து போன் வந்துவிட்டது. மூன்று மாதம் அவள் சேர்த்துவைத்திருந்த பயம் அந்த ஒரு 'அலோ'வில் இருந்தது.

"ஒண்ணும் இல்லயாம்" என்றேன்.

அவள் அழத் தொடங்கினாள். சந்தோஷ அழுகைதான். நானும் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, மாமல்லபுரம் வரும்வரை அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.