ஈரலும் மஞ்சள் கருவும்

பெரியபட்டினத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பம் ஒன்றில் இருளாண்டி ஆமை அறுத்துப் பிழைத்தான். சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆமையைத் தொடாதே என்று சொல்ல அப்போது யாரும் இல்லை. மல்லாக்கப் போட்ட ஆமையின் அடியோட்டை அவன் கத்தி விட்டுத் திறக்கும் நேர்த்தியைப் பார்க்க ஆள் கூடும். அதனால் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பெட்டை ஆமை என்றால் வயிற்றுக்குள் மஞ்சள் கரு கொத்துக் கொத்தாகக் கிடக்கும். கடுகளவு, வேப்பம்பழ அளவு, எலுமிச்சை அளவு என்று ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். பெருத்தவை தோல் போர்த்துக்கொண்டு முட்டையாகி மணலுக்குப் போகும். சிறுசுகள் வளர்ந்து தங்கள் முறைக்குக் காத்திருக்கும். மணலில் புதைத்த முட்டையைத் தாய் ஆமை திரும்பிப் பார்ப்பதில்லை. குஞ்சுக்குக் கண்ணும் ஓடும் துடுப்பும் அந்த மஞ்சளைத் தின்றுதான் உண்டாக வேண்டும். பொரித்து வந்த குஞ்சின் தொப்புளில்கூட மிச்ச மஞ்சள் ஒட்டியிருப்பதை இருளாண்டி பார்த்திருக்கிறான். கடலில் இரை தேடப் பழகும்வரை அதுதான் அதற்குக் கட்டுச்சோறு. பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த சோற்றில் எந்தத் தாயும் கெடுதல் வைக்கமாட்டாள் என்பது அவன் தீர்மானம். குப்பமே அப்படித்தான் நம்பியது. நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

ஆமை வகைகளில் அழுங்காமையிடம் மட்டும் எல்லோருக்கும் பயம். அதன் கறி சில சமயம் ஆளையே கொன்றுவிடும். அதனால் முதலில் ஈரலில் ஒரு துண்டை வெட்டிக் காக்கைக்கு வீசுவார்கள். காக்கை கொத்தினால் கறி உலைக்குப் போகும். கொத்தாவிட்டால் ஆமையைக் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள்.

இருளாண்டியின் மனைவி செவ்வந்திக்கு வயிற்றில் எதுவும் தங்காமல் பல வருஷம் போய், கடைசியாக ஒரு பெண் பிறந்திருந்தது. ராக்கு என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை பிழைத்ததே தவிர தாய்க்குப் பால் ஊறவில்லை. வாடைக் காற்றில் கடல் கொந்தளித்து, வள்ளங்கள் கரையேறிக் கிடந்த மாதம் அது. மீனும் இல்லை, நல்ல சோறும் இல்லை. பிள்ளை வெறும் மாரைச் சப்பிச் சப்பி அழுதது. அந்த அழுகையைக் கேட்க மாட்டாமல் இருளாண்டி கடற்கரையிலேயே கிடந்தான்.

அப்படி ஒரு நாள், குப்பத்து மீன்காரன் பால்சாமி கரையோரத்தில் விரித்திருந்த வலையில் பெட்டை அழுங்காமை ஒன்று சிக்கியது. இருளாண்டிதான் அறுத்தான். ஈரலை வீசினார்கள். காக்கைகள் கிட்ட வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டன. புதைத்துவிடச் சொல்லிவிட்டு பால்சாமி போனான். இருளாண்டி கறியைப் புதைத்தான். கருவை மட்டும் சட்டியில் அள்ளி, கடல் தண்ணீரில் அலசி, வீட்டுக்குக் கொண்டுபோனான். பால் ஊறுவதற்கு அதைவிட நல்ல பண்டம் அவனுக்குத் தெரியாது. தான் ஒன்றுகூட வாயில் வைக்காமல் எல்லாவற்றையும் அவளுக்கே கொடுத்தான்.

மறுநாள் பால் கட்டிக்கொண்டு வந்தது. ராக்கு வயிறு முட்டக் குடித்துத் தூங்கினாள். செவ்வந்தி வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். அன்று முழுக்க அவனுக்குக் கால் தரையில் படவில்லை.

அதற்கடுத்த நாள் செவ்வந்தியின் நாக்கு வெந்துபோன மாதிரி எரிந்தது. தண்ணீர்கூட இறங்கவில்லை. பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தது. கிள்ளினாலும் அழவில்லை. பஸ் பிடித்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ராக்குவுக்கு உயிர் இல்லை.

என்ன தின்றாள் என்று டாக்டர் கேட்டார். ஈரலையும் கறியையும் அவள் கையால்கூடத் தொடவில்லை, கரு மட்டும்தான் என்று இருளாண்டி அடித்துச் சொன்னான். டாக்டர் அவனைத் திட்டவில்லை.

"கரு தானா விளையாதுப்பா. அதுக்கு வேண்டிய சத்தெல்லாம் தாயோட ஈரல்லதான் உண்டாகுது. ரத்தத்தோட போய் முட்டையில சேருது. ஈரல்ல விஷம் இருந்தா கருவுக்கும் வரும். உன் பொண்டாட்டி அதைத் தின்னா. அவ ரத்தத்திலேருந்து பாலுக்குப் போயிருக்கு."

செவ்வந்தி பிழைத்துக்கொள்வாள் என்றார். ஆனால் கொஞ்ச நாளைக்கு அந்தப் பாலை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக்கூடாது, அவளிடமும் சொல்லிவிடு என்றார். கொடுக்க எந்தப் பிள்ளை இருக்கிறது என்று இருளாண்டி நினைத்தான். அவளிடம் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது என்று மட்டும் சொன்னான். அந்தப் பொய்யை அவன் இரக்கம் என்றே எண்ணினான். பாதி பயம் என்பது அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்!

செவ்வந்தி எழுந்து நடமாடத் தொடங்கினாள். பால் மட்டும் வற்றவில்லை. கட்டிக்கொண்டு வலிக்கும்போது சுவரோரம் திரும்பி உட்கார்ந்து பீச்சிவிடுவாள். அதைப் பார்க்க முடியாமல் அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

ஒரு நாள் அவன் வலை காயும் இடத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் வாசலில் நின்றாள். அவளுக்குப் பால் இல்லை. பால் உள்ளவள் இல்லாதவளின் பிள்ளைக்குக் கொடுப்பது அந்தக் குப்பத்தில் கேட்காமலே நடக்கும் காரியம். உள்ளே பஞ்சம்மாளின் ஆண்பிள்ளை செவ்வந்தியின் மடியில் கிடந்தது. அவள் மாராப்பை விலக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து காணாத தெளிவு இருந்தது.

"குடுக்காத புள்ள," என்றான் இருளாண்டி.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பாலுல விஷம் இருக்கு. நான் கொண்டாந்த கருவுலேருந்து வந்தது. டாக்டர் அன்னைக்கே சொன்னாரு."

செவ்வந்தி பிள்ளையை மாரிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப ராக்குவுக்கு நாந்தான் குடுத்தேனா?"

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பஞ்சம்மாள் ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். பசி தாளாமல் பிள்ளை வீரிட்டு அழுதது. செவ்வந்தி இரண்டு கைகளாலும் மார்பை அழுத்திப் பிடித்தாள். பிள்ளை அழ அழ, விரலிடுக்கில் பால் வழிந்துகொண்டே இருந்தது.